அளப்பது எது, ஊகிப்பது எது? ஸ்மார்ட்வாட்ச் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆன்லைன் கடையில் ஸ்மார்ட்வாட்ச் என்று தேடினால் 1,500 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 50,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டின் கீழும் எழுதியிருக்கும் சங்கதிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதயத் துடிப்பு, ரத்த ஆக்சிஜன், தூக்கம், மன அழுத்தம், நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டு மோடுகள். சில நேரம் மலிவான வாட்சின் பட்டியல்தான் நீளமாக இருக்கும். விலை உயர்ந்ததில் இல்லாத பி.பி., சுகர் எல்லாம் அதில் இருக்கும். முதல்முறை வாங்குபவர் குழம்பாமல் என்ன செய்வார்?

ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மணிக்கட்டில் கட்டும் கருவி நேரடியாக அளப்பவை மிகக் கொஞ்சம். தோலுக்குள் பாய்ச்சிய ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது, கை எப்படி அசைகிறது: அடிப்படை இந்த இரண்டுதான். விலை கூடக் கூட செயற்கைக்கோள் சிக்னல், தோலின் வெப்பம், இதயத்தின் மின்துடிப்பு ஆகியவையும் சேரும். திரையில் தெரியும் மற்ற எண்கள் எல்லாம் இவற்றை வைத்துக் கணக்குப் போட்டு ஊகித்தவை. எந்த எண் அளவு, எந்த எண் ஊகம் என்று பிரிக்கத் தெரிந்தால், பெட்டியின் மேல் அச்சிட்ட பட்டியலில் பாதியை நீங்களே பேனாவால் அடித்துவிடலாம்.

பச்சை விளக்கு செய்யும் வேலை

வாட்சைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தால் பச்சை வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு முறை இதயம் துடிக்கும்போதும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் கூடுகிறது. அந்த நொடியில் அதிக ஒளி உறிஞ்சப்பட்டு, குறைவாகத் திரும்புகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் ரத்தம் குறையும்போது அதிகமாகத் திரும்புகிறது. விளக்கின் பக்கத்திலேயே இருக்கும் ஒளி உணரி இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணிச் சொல்வதுதான் நிமிடத்துக்கு 72, 80 என்று நாம் பார்க்கும் இதயத் துடிப்பு.

இது நல்ல அளவு. ஓரளவு பெயர்பெற்ற வாட்ச் என்றால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கும்போதும் காட்டும் துடிப்பை நம்பலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 7 கருவிகளை 60 பேருக்குக் கட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. அதில் 6 கருவிகளின் துடிப்புக் கணக்கில் பிழை 5 சதவீதத்துக்கும் குறைவு.

சிக்கல் எப்போது வருகிறது என்றால், வாட்ச் கையில் ஆடும்போதும், கையை இறுக்கி முறுக்கும்போதும். ஜிம்மில் டம்பெல் தூக்கும்போது மணிக்கட்டுத் தசைகள் முறுக்கிக்கொள்வதால் ஒளிக் கணக்கு குழம்பும். அடர்த்தியாகப் பச்சை குத்திய இடத்தில் மையே ஒளியை விழுங்கிவிடும். அதனால்தான் ஓட்டப் பயிற்சியில் தீவிரமாக இருப்பவர்கள் இன்னும் மார்பில் பட்டை கட்டிக்கொள்கிறார்கள். மார்புப் பட்டை ஒளியைப் பார்ப்பதில்லை, இதயத்தின் மின்துடிப்பையே நேரடியாகப் பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982லேயே கம்பியில்லாத மார்புப் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஸ்மார்ட்வாட்ச் என்ற எண்ணமே மக்களிடம் இல்லாத காலம் அது.

வாட்சைக் கட்டும் விதமும் முக்கியம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே, ஆடாமல், ஆனால் தோலில் தழும்பு விழாமல் கட்ட வேண்டும். வளையல் மாதிரித் தொங்கவிட்டுவிட்டு வாட்சைக் குறை சொல்லிப் பயனில்லை.

இடையில் ஒரு விஷயம். வாழைப்பழத்துக்கு வாட்ச் கட்டி, பார் துடிப்பு காட்டுகிறது, இது போலி என்று யூடியூபில் காட்டுவார்கள். நல்ல வாட்சும் சில நேரம் வாழைப்பழத்துக்குத் துடிப்பு காட்டும். ஒளி ஏதோ ஒரு பரப்பில் பட்டுத் திரும்பினால், உணரி அதில் ஒரு தாளத்தைத் தேடப் பார்க்கும். ஆகவே அந்தச் சோதனையை வைத்து ஒரு வாட்சைத் தள்ளவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம்.

காலடிக் கணக்கும் கலோரிக் கணக்கும்

இரண்டாவது அடிப்படை, அசைவு உணரி. அரிசிமணி அளவுகூட இல்லாத ஒரு சில்லு, மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் கை எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்று நொடிக்குப் பல முறை குறித்துக்கொள்கிறது. நடக்கும்போது கை வீசுவதில் ஒரு சீரான தாளம் இருக்கும். அந்தத் தாளத்தைக் கண்டால் ஓர் அடி என்று எண்ணும்.

அதாவது வாட்ச் எண்ணுவது உங்கள் காலை அல்ல, கையை. குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டினால் சில நூறு அடிகள் கூடுதலாக ஏறலாம். இரண்டு கையாலும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சூப்பர் மார்க்கெட் முழுக்க நடந்தால் பல அடிகள் விட்டுப்போகலாம். இதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. நேற்றைவிட இன்று கூடவா குறைவா என்று பார்க்க இந்தக் கணக்கு தாராளமாகப் போதும்.

தினமும் 10,000 அடி நடக்க வேண்டும் என்று வாட்ச் அடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மருத்துவர்கள் ஆராய்ந்து வகுத்த எண் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானின் யமாசா என்ற கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றை விற்றது. அந்த விளம்பரத்தில் பிறந்த முழு எண்தான் இது. 6,000 அடிதான் முடிந்தது என்றால் வாட்ச் முகம் சுளிக்கும். நீங்கள் சுளிக்கத் தேவையில்லை.

கலோரி என்பது சுத்தமான ஊகம். உங்கள் வயது, எடை, உயரம், துடிப்பு, அசைவு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் விடை. மேலே சொன்ன அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், கலோரிக் கணக்கில் மிகச் சிறந்து நின்ற கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது தவறியது 93 சதவீதம். அதற்குப் பிறகு சூத்திரங்கள் கொஞ்சம் மேம்பட்டிருக்கலாம். ஆனாலும் வாட்ச் 400 கலோரி எரித்ததாகச் சொல்கிறது என்று நம்பி ஒரு பரோட்டா கூடுதலாகச் சாப்பிடுவது ஆபத்தான கணக்கு.

நூறு விளையாட்டு மோடுகள் என்பதன் ரகசியமும் இதுவே. நீச்சல், ஓட்டம், சைக்கிள் போன்ற சிலவற்றுக்கு உண்மையிலேயே தனிக் கணக்கு இருக்கும். மீதி பெரும்பாலும் பெயர்ப் பலகை. அந்த எண்ணிக்கையைப் பார்த்து வாட்ச் வாங்க வேண்டாம்.

தூக்கத்துக்கு வருவோம். எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதை வாட்ச் ஓரளவு சரியாகவே சொல்லும். ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு, கனவுத் தூக்கம் இவ்வளவு என்று கலர் கலராகப் படம் போடுகிறதே, அங்கேதான் கவனம் தேவை. மருத்துவமனையின் தூக்க ஆய்வகத்தில் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். கையில் கட்டிய வாட்சுக்கு மூளை தெரியாது. எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு அணைந்ததை வைத்து அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று சொல்வது போலத்தான் அதன் கணிப்பு; பல நாள் சரியாக இருக்கும், சில நாள் இருக்காது. காலையில் நன்றாக இருக்கிறது என்று எழுந்தவர், வாட்ச் 54 மதிப்பெண் போட்டதைப் பார்த்து நாள் முழுக்கச் சோர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என் யோசனை, இரவில் வாட்சைக் கழற்றி வைத்துவிடுங்கள் என்பதுதான்.

மருத்துவம் போலத் தெரியும் எண்கள்

ஏமாறுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் இது.

முதலில் ரத்த ஆக்சிஜன். கொரோனா காலத்தில் விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரை வாங்காத வீடு குறைவு. அதன் தத்துவத்தை 1970களின் தொடக்கத்தில் கண்டவர் தாகுவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் ஆக்சிஜன் சதவீதம் கிடைத்துவிடும். விரல் கருவியில் ஒளி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. வாட்சிலோ தோலில் பட்டுத் திரும்புவதைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் ரத்த ஓட்டம் குறைவான மணிக்கட்டில். அதனால் விரல் கருவியைவிடத் துல்லியம் குறையும். இன்னொன்று நமக்கு முக்கியம்: கருத்த தோலில் இந்த ஒளிக் கருவிகள் உண்மையான அளவைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2021இல் எச்சரித்தது. மூச்சு வாங்குகிறது, ஆனால் வாட்ச் 97 காட்டுகிறது என்றால், நம்ப வேண்டியது மூச்சைத்தான்.

அடுத்தது பி.பி. கையில் பட்டை கட்டி, காற்றடித்து, ரத்தக் குழாயை அழுத்திப் பார்ப்பதுதான் பி.பி. அளக்கும் வழக்கமான முறை. சாம்சங் வாட்சுகள் சிலவற்றில் பி.பி. வசதி உண்டு. ஆனால் முதலில் உண்மையான பி.பி. கருவியில் பார்த்து அந்த எண்ணை வாட்சுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், 28 நாளுக்கு ஒருமுறை மறுபடியும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஹுவாவேயின் வாட்ச் டி என்ற மாடல் வாரிலேயே சின்னக் காற்றுப்பையை வைத்து உண்மையாகவே அழுத்திப் பார்க்கிறது. ஆப்பிள் 2025இல் கொண்டுவந்த வசதி எண்ணே காட்டாது. 30 நாள் தரவைப் பார்த்துவிட்டு, உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம், சோதித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லும். இவ்வளவு பெரிய நிறுவனங்களே இப்படித் தயங்கித் தயங்கி நடக்கும் இடத்தில், எதையும் சொல்லிக்கொடுக்காமலே, கட்டியவுடன் 120/80 என்று காட்டும் 1,500 ரூபாய் வாட்சை என்னவென்று சொல்வது? வீட்டில் பி.பி. உள்ளவர் இருந்தால் அந்தப் பணத்தில் மேல்கையில் கட்டும் நல்ல பி.பி. கருவி ஒன்றை வாங்கிவிடுங்கள்.

சுகர் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். ஊசி குத்தாமல் தோலின் மேலிருந்தே சர்க்கரை அளவைச் சொல்வதாக விற்கும் எந்த வாட்சையும் மோதிரத்தையும் நம்ப வேண்டாம், அப்படி ஒன்றுக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக அறிவித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. இங்கே ஒரு குழப்பம் வரும். சிலர் வாட்சில் சுகர் பார்ப்பது உண்மைதான். அவர்கள் மேல்கையில் காசு அளவில் ஓர் உணரியை ஒட்டியிருப்பார்கள். அதிலிருந்து முடி போன்ற மெல்லிய இழை தோலுக்குள் போய், திசுக்களுக்கு இடையே உள்ள திரவத்தில் சர்க்கரையை அளக்கும். சில நாளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். அளப்பது அந்த உணரி. வாட்ச் வெறும் காட்சிப் பலகை.

இசிஜி மட்டும் கொஞ்சம் வேறு ஜாதி. வாட்ச் ஒரு கையில் இருக்க, மறுகையின் விரலை அதன் விளிம்பிலோ பொத்தானிலோ 30 நொடி வைத்திருந்தால், இரண்டு கைக்கும் நடுவே இதயத்தின் மின்துடிப்பு பதிவாகும். இது ஊகமல்ல, உண்மையான அளவு. ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4இல், 2018இல், இது வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் எடுக்கும் இசிஜி 12 கோணத்தில் இதயத்தைப் பார்க்கிறது, வாட்ச் ஒரே கோணத்தில். இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறைப் பிடிக்க அந்த ஒரு கோணம் உதவும். மாரடைப்பைப் பிடிக்க உதவாது. நெஞ்சுவலி வரும்போது உட்கார்ந்து வாட்சில் இசிஜி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

தாளம் தப்புவதைப் பச்சை ஒளியாலும் ஓரளவு மோப்பம் பிடிக்கலாம். ஸ்டான்ஃபோர்டும் ஆப்பிளும் சேர்ந்து நடத்திய ஆய்வில் 4 லட்சத்து 19 ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். முடிவு 2019இல் வெளியானது. எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம் மட்டுமே. அவர்களில், பின்னர் மார்பில் இசிஜி ஒட்டு ஒட்டிச் சோதித்து அதைத் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானது. அந்தக் கோளாறு வந்து வந்து போகும் என்பதால் மற்றவர்களுக்கு வந்தது வீண் எச்சரிக்கை என்றும் சொல்லிவிட முடியாது. வாட்ச் எச்சரித்தால் பதறவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம், டாக்டரிடம் காட்டினால் போதும்.

முதல் கேள்வி: உங்கள் ஃபோன் எது?

சரி, எண்களைப் பற்றிய கதை போதும். கடைக்குப் போவோம்.

மாடல் பெயரைக் கேட்பதற்கு முன் உங்கள் ஃபோனைப் பாருங்கள். ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் கட்டாயம். ஆண்ட்ராய்டு ஃபோனோடு அது சேராது. சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4 முதல் வந்தவை ஐபோனோடு சேராது. ஆண்ட்ராய்டு என்றால் எல்லாம் கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. கேலக்ஸி வாட்சின் இசிஜி, பி.பி. இரண்டும் சாம்சங் ஃபோன் இருந்தால்தான் முறைப்படி வேலை செய்யும். வேறு ஆண்ட்ராய்டு ஃபோன் வைத்திருப்பவர், அந்த இரண்டுக்காகவே அதை வாங்கி வீட்டுக்கு வந்தபின் இது தெரியவந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். கார்மின், அமேஸ்ஃபிட், நாய்ஸ், போட் போன்றவை இரண்டு வகை ஃபோனோடும் சேரும். ஆனால் ஐபோனோடு கார்மினைச் சேர்த்தால் வாட்ஸ்அப் செய்தியைப் படிக்கலாம், வாட்சிலிருந்தே பதில் அனுப்ப முடியாது.

தமிழில் செய்தி வருபவர்கள் கடையிலேயே ஒன்றைச் சோதித்துவிட வேண்டும். மலிவான வாட்சுகள் சிலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஃபோனுக்கு ஒரு தமிழ் மெசேஜ் அனுப்பச் சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

பேட்டரி

ஸ்மார்ட்வாட்சில் இரண்டு இனம் உண்டு. ஒன்று, ஃபோனைப் போலவே முழு இயங்குதளம் கொண்டது: ஆப்பிள் வாட்ச், கேலக்ஸி வாட்ச் போன்றவை. ஆப் இறக்கலாம், மேப் பார்க்கலாம், பேசி வேலை வாங்கலாம். விலையாகத் தினமும், அல்லது ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை, சார்ஜ் கேட்கும். ஆப்பிள் தன் சாதாரண வாட்சுகளுக்கு பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கணக்கு 18 மணி நேரம்தான். இன்னொரு இனம், எளிய மென்பொருளில் ஓடுவது. ஆப் எதுவும் பெரிதாக ஏற்ற முடியாது. ஆனால் ஒரு வாரம், இரண்டு வாரம் தாங்கும். ஃபிட்னஸ் பேண்டுகள், நம் ஊர் பிராண்டுகளின் பெரும்பாலான வாட்சுகள், கார்மின் எல்லாம் இந்தப் பக்கம்.

பெட்டியில் போட்ட நாள் கணக்கு, பல வசதிகளை அணைத்து வைத்து அளந்ததாக இருக்கும். திரை எப்போதும் எரியும்படி வைத்தால் பாதியாகிவிடலாம், ஜிபிஎஸ் ஓடினால் இன்னும் சீக்கிரம் தீரும். தூக்கத்தைக் கவனிக்க ஆசைப்பட்டு, இரவில் சார்ஜ் போடும் வழக்கமும் இருந்தால் இரண்டும் மோதும். குளிக்கப் போகும்போது சார்ஜ் போடும் பழக்கம் வருமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என் கண்ணில் பட்டவரை, மேஜை டிராயரில் தூங்கும் ஸ்மார்ட்வாட்சுகளில் பல உடைந்து போனவை அல்ல, சார்ஜ் போடச் சலித்துப்போய்க் கழற்றி வைத்தவை.

சார்ஜரையும் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் வேறு. காந்தத்தில் ஒட்டும் சின்ன கேபிள் தொலைந்தால் மாற்று கிடைக்குமா என்று வாங்கும்போதே தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

ஜிபிஎஸ், தண்ணீர், வார்

ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு ஓடப் போகிறவருக்கு வாட்சிலேயே ஜிபிஎஸ் வேண்டும். விளம்பரத்தில் கனெக்டெட் ஜிபிஎஸ் என்று இருந்தால், ஃபோனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்குகிறது என்று பொருள். ஃபோன் கூடவே வர வேண்டும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஓடினால் சிக்னல் சுவர்களில் பட்டுச் சிதறி, நீங்கள் வீட்டுக்குள் புகுந்து ஓடியதாகக் கோடு வரையும். இரண்டு அலைவரிசையில் சிக்னல் வாங்கும் வாட்சுகள் இதை வெகுவாகக் குறைக்கும். மொட்டைமாடியிலோ பூங்காவிலோ நடப்பவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

ஐபி68 என்றால் தூசி புகாது, குறிப்பிட்ட ஆழம் வரை தண்ணீரில் முங்கினாலும் தாங்கும். 5 ஏடிஎம் என்றால் 50 மீட்டர் ஆழத்துக்கு இணையான அசையாத நீரின் அழுத்தத்தைத் தாங்கும்படி சோதித்தது. 50 மீட்டர் ஆழத்தில் குதிக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை, குளத்தில் நீந்தலாம். இரண்டுமே நல்ல தண்ணீருக்குச் சொன்னவை. சோப்பும் வெந்நீர் ஆவியும் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்புகளைக் காலப்போக்கில் கெடுக்கும். கடலில் இறங்கினால் பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

வாரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. நம் ஊர் வெயிலில் அதுதான் முதலில் தொல்லை கொடுக்கும். வேர்வையும் சோப்பும் வாருக்கு அடியில் தங்கித் தடிப்பு வரும், சிலருக்கு ஒட்டுப் பசையோ உலோகமோ ஒத்துக்கொள்ளாது. 2014இல் ஃபிட்பிட் நிறுவனம் தோல் தடிப்புப் புகார்களால் ஃபோர்ஸ் என்ற பேண்டையே சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டியிருந்தது. சாதாரணக் கடிகார வார் பொருந்தும் மாடலாக இருந்தால் துணி வாராக மாற்றிக்கொள்ளலாம்.

ப்ளூடூத் காலிங் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வாட்சில் ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கும், அவ்வளவுதான். ஃபோன் பக்கத்தில் இருந்தால்தான் பேச முடியும். ஃபோன் இல்லாமலே பேச, வாட்சுக்குள்ளேயே பதித்த சிம், அதாவது இ-சிம் உள்ள மாடல் வேண்டும். அதற்கு வாட்சின் விலையும் கூடும், உங்கள் நெட்வொர்க்கில் அந்த மாடலுக்கு இ-சிம் தருகிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

பேண்டும் மோதிரமும்

நடை, துடிப்பு, தூக்கம், ஃபோன் வந்தால் ஓர் அதிர்வு. இவ்வளவுதான் வேண்டும் என்றால் 2,500 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கும் நல்ல ஃபிட்னஸ் பேண்ட் போதும். அதே விலையில் பெரிய திரையும் உலோக மினுமினுப்புமாக வரும் பெயர் தெரியாத வாட்சைவிட அது உருப்படியான பொருள் என்பது என் கட்சி. பார்க்க ஆடம்பரமாக இருக்காது, அதற்கு நான் பொறுப்பல்ல.

மோதிரங்களும் வந்துவிட்டன. பின்லாந்தின் அவ்ரா, பெங்களூருவின் அல்ட்ராஹியூமன், சாம்சங்கின் கேலக்ஸி ரிங் போன்றவை. விரலில் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் துடிப்பை நன்றாகப் பிடிக்கும், தூங்கும்போது உறுத்தாது. திரை இல்லாததால் எல்லாவற்றுக்கும் ஃபோனைத்தான் பார்க்க வேண்டும். அளவு பார்க்கும் போலி மோதிரங்களை முதலில் வாங்கி, ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்த்து அளவைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விரல் காலையில் ஒரு பருமன், மாலையில் ஒரு பருமன். சில நிறுவனங்கள் மோதிரத்துக்கும் பணம் வாங்கி, மாதச் சந்தாவும் வாங்குவார்கள். சந்தா கட்டாவிட்டால் என்னென்ன தெரியும் என்று முன்பே படித்துவிடுங்கள்.

பெற்றோருக்கு வாங்குவது தனிக் கதை. வழுக்கி விழுந்தால் கண்டறிந்து, எழாவிட்டால் தானாகவே உதவிக்கு அழைக்கும் வசதி ஆப்பிள் வாட்சில் சீரிஸ் 4 முதல் உண்டு. 55 வயதுக்கு மேல் என்று பதிந்தால் அது தானாகவே இயங்கத் தொடங்கும். ஆனால் அப்பாவிடம் ஐபோன் இருக்க வேண்டும், வாட்ச் தினமும் சார்ஜில் ஏற வேண்டும், வெளியே போகும்போது ஃபோன் கூடவே இருக்க வேண்டும் அல்லது இ-சிம் வேண்டும். இத்தனையும் நடக்கும் வீடா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். வாட்ச் கட்டுவதில் அவருக்கே விருப்பம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

உங்கள் எண்கள் எங்கே போகின்றன

வாட்ச் சேர்ப்பதெல்லாம் ஓர் ஆப் வழியாக எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறது. ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சிச் செயலி, தன் பயனாளர்கள் உலகெங்கும் ஓடிய பாதைகளை ஒரே வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் அதை உற்றுப் பார்த்தவர்கள், ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில் ராணுவ முகாம்களின் வடிவமே அதில் ஒளிர்வதைக் கண்டார்கள். வீரர்கள் முகாமைச் சுற்றி ஓடிய தடங்கள் அவை. நாம் ராணுவ ரகசியம் எதுவும் வைத்திருக்கவில்லைதான். ஆனாலும் தினமும் காலை 5.30க்கு உங்கள் வாசலில் தொடங்கி அங்கேயே முடியும் கோடு ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாமே. ஓட்டப் பதிவுகளை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். வாட்சுக்கான ஆப், தொடர்புப் பட்டியல், எஸ்எம்எஸ், இருப்பிடம் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டால் ஒவ்வொன்றும் எதற்கு என்று பார்த்துக் கொடுங்கள்.

பழைய வாட்ச் வாங்குபவர்கள், முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டாரா என்று கண்ணெதிரே பார்த்துவிட வேண்டும். ஆப்பிள் வாட்ச் பூட்டப்பட்டிருந்தால் அவருடைய பாஸ்வேர்டு இல்லாமல் உங்கள் ஃபோனோடு சேராது. பேட்டரியும் தேய்ந்திருக்கும், அதை மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

புதிதோ பழையதோ, வாங்கிய அன்றே இரண்டு சோதனை செய்யலாம். அமைதியாக உட்கார்ந்து, மறுகை விரல்களால் கழுத்திலோ மணிக்கட்டிலோ நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். வாட்ச் காட்டும் துடிப்போடு மூன்று நான்குக்குள் ஒத்துப்போக வேண்டும். பிறகு வாட்சின் காலடிக் கணக்கைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போலக் கை வீசி, மனதுக்குள் எண்ணியபடி 200 அடி நடங்கள். 190க்கும் 210க்கும் நடுவில் வந்தால் நல்லது. ஒருமுறை தவறினால் வாரைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். திரும்பத் திரும்பத் தவறினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.